துண்டுக்கு அடியில் ஒரு விலை

உலகத்தில் எந்த நாடு எவ்வளவு சுதந்திரமானது என்று அளந்து வரிசை போட்டுச் சொல்ல ஒரு இயந்திரம் வந்த பிறகு, நம் நாடு அந்த வரிசையில் மளமளவென்று ஏறி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. வந்ததும் சண்டி மாடு மாதிரி நின்றுகொண்டது. முதலிடத்துக்குப் போகவிடாமல் காலை வாரியது அண்டை நாடும் இல்லை, உள்நாட்டுச் சதியும் இல்லை. ஒரு துண்டு. தோளில் போடுகிற சாதாரணத் துண்டு.

அந்தத் துண்டை என்ன செய்வது என்று முடிவு கட்டத்தான் தமயந்தி கருங்கல்மேட்டு மாட்டுச் சந்தைக்கு வந்து இறங்கினாள்.

அவளை விட்டால் அதற்கு ஆள் கிடையாது. இயந்திரத்தின் பெயர் நிறைகோல். அதற்கு அளவு விதிகளை எழுதியவள் அவள்தான். ஒருவன் யாரிடமும் அனுமதி கேட்காமல் கடை போட முடியுமா, ஆள் வைக்க முடியுமா, தன் பொருளைத் தன் இஷ்டத்துக்கு விற்க முடியுமா, இதையெல்லாம் நிறைகோல் நாடு நாடாக, ஊர் ஊராக அளந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த வருஷத்துப் பட்டியல் வெளியாக வேண்டும்.

தமயந்திக்கு இது சம்பளத்துக்குச் செய்கிற வேலை இல்லை. அவள் அப்பா விழுப்புரம் பக்கம் ஒரு எண்ணெய் மில் வைத்திருந்தார். இரண்டாவது இயந்திரம் பொருத்த அனுமதி கேட்டு எழுதிப் போட்டார். அனுமதி அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவருக்கு முடி நரைத்தது. கடைசியில் அதிகாரி உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மேசைக்கு அடியில் விரலைக் காட்டி ஒரு விலை சொன்னார். அப்பா கொடுக்கவில்லை. மில் போயிற்று, பின்னாலேயே அவரும் போனார். தமயந்தி படித்து முடித்து நிறைகோலுக்கு விதி எழுத உட்கார்ந்தபோது முதல் வரியாக எழுதியது இதுதான்: மறைக்கப்பட்ட விலை சுதந்திரமற்ற விலை.

எழுதும்போது அந்த மேசைதான் அவள் கண்ணில் இருந்தது. இப்படி ஒரு துண்டு உலகத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாது.

சந்தையில் பேரம் பேசுகிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. தரகர் தன் துண்டை விரிப்பார். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் அதற்குள் போகும். எந்த விரலைப் பிடிக்கிறார்கள், எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம் என்பதில் விலை போய் வரும். தலை ஆடும், அல்லது கை உதறும். மாடு கைமாறும். என்ன விலை என்பது அந்த இரண்டு பேருக்கும் துண்டுக்கும் மட்டும்தான் தெரியும். நாட்டில் மற்ற எல்லாச் சந்தையிலும் விலை சொன்ன நொடியே நிறைகோலுக்குப் போய், வாசல் பலகையில் எல்லாரும் பார்க்க எரியும். கருங்கல்மேட்டுப் பலகை மட்டும் நட்ட நாளிலிருந்து இருட்டாகவே நின்றது. அதன் மேல் காக்கை கூடு கட்டியிருந்தது.

"இந்தச் சந்தை மூடிய சந்தை. இது திறந்தால் நாம் முதலிடம்," என்றது நிறைகோல் அவள் காதுக்குள். அதற்குக் குரல் இனிமை, வெட்கம் கிடையாது.

"திறக்க மறுத்தால்?"

"உங்களிடம் ஆணை இருக்கிறது. நீங்கள் ஒப்பம் வைத்தால் இன்று முதல் துண்டு தடை. திறந்த மேசையில் கையை வைத்துத்தான் பேரம்."

சுதந்திரத்தில் முதலிடம் வர, துண்டுக்குத் தடை. தமயந்திக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுவதற்காக, தேறாத பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே டிசி கொடுத்து அனுப்புகிற பள்ளிக்கூடம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது நாடு.

ஆனாலும் ஆணையைக் கிழித்துப் போட அவளுக்கு மனசு வரவில்லை. காரணம் இருந்தது. என்றைக்கு நாம் முதலிடம் வருகிறோமோ அன்றைக்கே நாட்டில் மிச்சமிருக்கிற அனுமதி அலுவலகங்கள் அத்தனையும் இழுத்து மூடப்படும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டிருந்தது. எங்கே வரப்போகிறோம் என்ற தைரியத்தில் கைதட்டி நிறைவேற்றிய சட்டம். இப்போது அது ஒரு துண்டு தூரத்தில் இருந்தது. அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சை வெளியே தூக்கிப் போடுவதைப் பார்க்க வேண்டும் என்று அவள் இருபது வருஷமாக ஆசைப்பட்டிருக்கிறாள்.

"ஏனுங்க, அளக்கற அம்மாங்களா? வாங்க வாங்க," என்று வந்தார் தரகர் அர்த்தநாரி. ஒட்டிய கன்னம், வெற்றிலை வாய், தோளில் பச்சைத் துண்டு. "மோர் குடிக்கறீங்களா? அளந்து குடுக்கச் சொல்றனுங்க."

"கிண்டல் இருக்கட்டும்ங்க. இன்னைக்கு ஒரே ஒரு விலையாவது வெளிய சொல்லுங்க. எல்லாருக்கும் நல்லது."

"அதெப்படீங்க? என்ற வெலையா அது, நான் சொல்றதுக்கு?"

"விலை தெரிஞ்சாத்தானே யாரும் ஏமாற மாட்டாங்க? துண்டுக்குள்ள தரகர்கள் ஏமாத்தறதில்லையா?"

அர்த்தநாரி கொஞ்சமும் கூசவில்லை. "ஏமாத்துவமுங்க. இல்லீன்னு சொன்னா சாமி கண்ணைக் குத்தும். ஒரு வெரல் அரை வெரல் எச்சாப் போட்டுக்கறதுதான். தெரிஞ்சா அடுத்த சந்தைக்கு என்ற துண்டுக்குள்ள எவன் கைய வுடுவான்? அக்கட்டால இன்னம் முப்பது தரகன் நிக்கறானுங்க."

போட்டி இருந்தால் ஏமாற்று நிற்காது என்கிற இதே வாதத்தை அவள் கல்லூரி நாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறாள். மோரை வாங்கிக் குடித்தாள்.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. யோசனை நிறைகோலுடையதா அவளுடையதா என்று பிற்பாடு அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளே வாங்குகிறவளாகத் துண்டுக்குள் கையை விட்டால் ஒரு விலை தெரிந்துவிடும். நகரத்து ஆட்கள் எல்லாரையும் போல அவள் வலது மணிக்கட்டின் தோலுக்குள்ளும் மிளகு அளவில் ஒரு பொட்டு பதிந்திருந்தது. பஸ் ஏறுவதும் பால் வாங்குவதும் அதை வைத்துத்தான். தொடுகிறதெல்லாம் அதற்குத் தெரியும், அதற்குத் தெரிந்ததெல்லாம் நிறைகோலுக்குத் தெரியும். ஒரு விலை கிடைத்தால் சந்தை 'பகுதி திறந்தது' ஆகிவிடும். அது போதும், முதலிடம். துண்டைத் தடை செய்ய வேண்டியதில்லை, யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. அப்படித்தான் நினைத்தாள்.

"நானே ஒரு ஜோடி வாங்கலாம்னு பாக்கறேன். எங்க அண்ணன் ஊர்ல விவசாயம் பண்றாரு," என்றாள். அது பொய்யில்லை.

அர்த்தநாரி அவள் மணிக்கட்டைப் பார்த்தார். "பொட்டு?"

"தூங்குது," என்றாள். அதுதான் பொய்.

மயிலைக் காளை ஜோடியோடு வேலாத்தாள் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, விசேஷ வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நல்ல சேலை உடுத்தியிருந்தாள். காளைகளின் கழுத்தில் புது மணி. அவள் தோட்டமும் பண்ணையமும் அந்த வட்டாரத்தில் பேர் சொல்லும்படி இருப்பதாக அர்த்தநாரி சொன்னார். "அக்கா சும்மாதான் விக்கறாங்க. கொட்டாயில எடம் பத்துல," என்றார்.

பச்சைத் துண்டு விரிந்தது. தமயந்தி வலது கையை உள்ளே விட்டாள். எந்த விரலுக்கு என்ன கணக்கு என்று அர்த்தநாரி முன்னமே சொல்லிக் கொடுத்திருந்தார். வேலாத்தாளின் கை வந்து அவள் விரல்களைப் பற்றியது. வெளியே அந்த அம்மாளின் முகத்தில் சிரிப்பு. உள்ளே கை சில்லென்று வேர்த்திருந்தது. விரல்கள் ஒரு விலை சொன்னன.

தமயந்தி தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று நினைத்தாள். அந்த ஜோடி பெறுமானத்தில் பாதிதான் அது. மறுபடி கேட்பதுபோல விரலை அசைத்தாள். வேலாத்தாளின் கை அதே விரல்களை இன்னும் இறுக்கிப் பிடித்தது. பேரம் பேசுகிற பிடி இல்லை அது. இன்றைக்கே வாங்கிக்கொள், வேறு யாரும் அறிய வேண்டாம் என்று கெஞ்சுகிற பிடி. வெளியே முகம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

வாசலில் யாரோ "அடேய், பாருங்கடா!" என்று கத்தினார்கள்.

பலகை எரிந்தது. காக்கை பதறிப் பறந்தது. மயிலைக் காளை, ஜோடி, விலை என்று பச்சை எழுத்தில் சந்தை முழுக்கத் தெரிய அந்தத் தொகை நின்றது. விலை கிடைத்த நொடியே காட்ட வேண்டும் என்பது தமயந்தி எழுதிய விதிதான். இந்தப் பலகை எப்போதுமே இருண்டு கிடந்ததால் அது எரியக்கூடும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. படித்த மடமைக்கு மருந்து ஏது?

சந்தை முழுக்கப் பேச்சு கிளம்பியது. "அந்த ஜோடிக்கு அந்த வெலையா?" "வேலாத்தாளுக்குப் பண முடையாட்ட இருக்குது." பக்கத்தில் நின்ற இரண்டு வெள்ளை வேட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மாடு வாங்க வந்தவர்கள் இல்லை. வேலாத்தாளின் தோட்டத்துக்கு அடுத்த வாரம் விலை பேச இருப்பவர்கள். மாட்டை இந்த விலைக்குக் கொடுக்கிறவள் தோட்டத்தை எந்த விலைக்குக் கொடுப்பாள் என்ற கணக்கு அவர்கள் முகத்தில் ஓடியது.

வேலாத்தாள் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கத்தவில்லை. "ஊட்டுக்காரரு படுத்துக் கெடக்கறாருங்க அம்மிணி," என்றாள் மெதுவாக. "ஆறு மாசமா மூடி வெச்சிருந்தேன். அந்தத் தோட்டம் நல்ல வெலைக்குப் போனாத்தான் அவரைப் பட்டணத்துக்குக் கொண்டுட்டுப் போவ முடியும். இப்படிச் சந்தி சிரிக்க வெச்சுப்போட்டீங்களே."

தமயந்திக்கு அழுகை வந்தது. தன் கையை வெட்டிப் போடலாமா என்று இருந்தது. அந்த நேரம் பார்த்துக் காதில் அளவை மையத்து இயக்குநர் மார்க்கபந்துவின் குரல் குதித்தது.

"தமயந்தி! முதலிடம்! பார்த்தீங்களா? எப்படிப் பண்ணீங்க?"

"சார், இந்த அளவை ரத்து பண்ணணும். விக்கறவங்களுக்குத் தெரியாம எடுத்தது."

"விளையாடாதீங்க. ஆறு மணிக்குப் பட்டியல். நாளைக்குக் காலைல நாட்டுல ஒரு அனுமதி ஆபீஸ் கூட திறக்காது. நீங்க கேட்டது அதுதானே?"

"அதுதான் சார். ஆனா அந்த விலை அவங்களுது. நாம எடுத்துட்டோம்."

மார்க்கபந்து கெட்டவர் இல்லை. அவர் குரல் தணிந்தது. "புரியுதும்மா. ஒருத்தரோட மாட்டு விலை. அந்தப் பக்கம் யோசிங்க. இந்த நிமிஷம் எத்தனை அப்பாக்கள் பெஞ்சுல உக்காந்திருக்காங்க? அவங்கள்ல யாரையாவது நேர்ல பார்த்து உங்களால இதைச் சொல்ல முடியுமா? சுதந்திரத்துக்காக ஒருத்தர் கொஞ்சம் நஷ்டப்படறது தப்பா?"

"நாட்டு நலனுக்காக நீங்க கொஞ்சம் நஷ்டப்பட்டா தப்பில்லைன்னுதான் சார் அந்த அதிகாரியும் எங்க அப்பாகிட்ட சொன்னார்."

"அவர் லஞ்சத்துக்குச் சொன்னார். நாம விடுதலைக்குச் சொல்றோம்."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். முழு அநியாயமாக இருந்திருந்தால் நிமிஷத்தில் முடிவெடுத்திருப்பாள்.

இதற்குள் அர்த்தநாரி ஒரு கல்மேல் ஏறிவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சந்தைக்கே கேட்கிற குரலில் சிரித்தார்.

"ஏப்பா, கூறுகெட்டவனுகளா! அது வெலைன்னு எவன்டா சொன்னான்? அச்சாரமுடா அது, அச்சாரம்! பட்டணத்து அம்மா, மொறை தெரியாம பெரிய அச்சாரமா வெச்சுப்போட்டாங்க. வெலை இன்னம் பேசியே முடியல!"

துண்டுக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. அதனால் அதைப்பற்றி யாரும் எதுவும் சொல்லலாம். இத்தனை காலம் ஏமாற்றுக்கு உதவிய அதே மறைவு இப்போது ஒருத்தியின் மானத்துக்கு உதவ நின்றது. ஆனால் வெள்ளை வேட்டிக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? ஒருவர் தமயந்தியிடமே வந்தார்.

"ஏனுங்கம்மா, நீங்க அளக்கற ஆளு. பொய் சொல்ல மாட்டீங்க. அது அச்சாரமுங்களா, வெலைங்களா?"

சந்தையே அவளைப் பார்த்தது. வேலாத்தாள் மட்டும் பார்க்கவில்லை, காளையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

விலை என்று சொன்னால் போதும். அது உண்மையும் கூட. பெஞ்சுகள் வெளியே வந்து விழும், அப்பாவின் ஆத்மா சாந்தியடையும். அச்சாரம் என்றால் பலகையில் நிற்பது விலையே இல்லை, சந்தை மறுபடி மூடிய சந்தை. அளந்து சொன்ன எதிலும் இம்மி பிசகாதவள் என்று பேர் வாங்கியவள் அவள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு அளவைத் தெரிந்தே தப்பாகச் சொல்ல வேண்டும்.

"அச்சாரம்தாங்க," என்றாள். "விலை இனிமேதான் பேசணும்."

"ஆமாங்க, அச்சாரம்தான்," என்றாள் வேலாத்தாள், நிமிர்ந்து.

பலகை அணைந்தது. மார்க்கபந்து தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

"இரண்டாம் இடம்," என்றது நிறைகோல்.

"நான் பொய் சொன்னது உனக்குத் தெரியும்தானே?" என்று முணுமுணுத்தாள் தமயந்தி. "என் நாடி உன்கிட்ட இருக்கு."

"தெரியும். விரல்கள் சொன்னதும் தெரியும். ஆனால் வாங்குபவரும் விற்பவரும் ஒத்துக்கொண்டதே விலை என்று நீங்கள் இரண்டாவது வரியாக எழுதியிருக்கிறீர்கள். இருவரும் இது விலை இல்லை என்று ஒத்துக்கொண்டீர்கள். எனக்கு அதற்குமேல் உரிமை இல்லை."

அந்த இரண்டாவது வரியை முதல் வரியாக எழுதியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அச்சாரம் வைத்தவள் மாட்டை வாங்காமல் போக முடியாதே. வெள்ளை வேட்டிகள் இன்னும் நகரவில்லை. அர்த்தநாரி மறுபடி துண்டை விரித்தார். தமயந்தி கையை நீட்டியதும் சட்டென்று துண்டை இழுத்துக்கொண்டார்.

"இப்ப நிஜமாவே தூங்க வெச்சுட்டேன்," என்றாள் அவள்.

"முன்னயும் அப்படித்தானுங்க சொன்னீங்க."

நியாயமான பேச்சு. அவள் முகம் சிவந்தது. வேலாத்தாள்தான் முன்னால் வந்தாள். "பொட்டு சோத்தாங்கையிலதானுங்களே இருக்குது? பீச்சாங்கையக் குடுங்க அம்மிணி."

"அக்கா, பீச்சாங்கையில வெலை பேசறதா? ஆவாதுங்க," என்று பதறினார் அர்த்தநாரி. கருங்கல்மேட்டில் அப்படி ஒரு பேரம் நடந்ததே இல்லை.

"ஆவாததெல்லாம் ஆயாச்சு. துண்டைப் போடு."

இடது கை உள்ளே போனது. தமயந்தி பிடித்த விரல்களை உணர்ந்து வேலாத்தாள் தலையை ஆட்டி மறுத்தாள். தமயந்தி விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு கைகளும் துண்டுக்குள் மல்லுக்கட்டின, விற்கிறவள் குறைக்கச் சொல்லியும் வாங்குகிறவள் ஏற்றச் சொல்லியும். பிறகு வேலாத்தாளின் விரல்கள் தளர்ந்து, அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு வெளியே வந்தன. என்ன விலைக்கு முடிந்தது என்று இதை எழுதுகிறவனுக்கும் தெரியாது.

"ரொக்கத்தை அண்ணன் கொண்டுவந்து குடுத்துடுவாரு," என்றாள் தமயந்தி. அதுவரை வெள்ளை வேட்டிக்காரர்கள் வேலாத்தாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே படிக்க ஒன்றும் கிடைக்காமல் டீக்கடைப் பக்கம் போனார்கள்.

காளைகள் ஜில்லா தாண்டி விழுப்புரம் போக அனுமதி வேண்டும் என்று அர்த்தநாரி சொன்னபோது தமயந்தி முதலில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அனுமதி அலுவலகம் சந்தைக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் இருந்தது. ஒரு பெஞ்ச், நீளமான வரிசை, உள்ளே ஒரு காலி நாற்காலி. அதிகாரி சாப்பிடப் போனவர் வரவில்லை. ஆறு மணிக்குப் பட்டியல் வெளியாகி, நாடு இரண்டாம் இடத்திலேயே நின்றுவிட்ட சேதி வரிசையில் வாய்வழியாக நகர்ந்து வந்தது.

அவளுக்கு முன்னால் நின்றவர் ஒரு கோழிப்பண்ணைக்காரர். கொட்டகையை நீட்டிக்கட்ட அனுமதி கேட்டு நாலாவது முறையாக வந்திருக்கிறாராம். கையிலிருந்த துணிப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"கேட்டீங்களாம்மா? மத்தியானம் கொஞ்ச நேரம் மொத எடத்துல இருந்தமாம். இருந்திருந்தா நாளைக்கு இந்த ஆபீசையே பூட்டியிருப்பாங்களாம். எவளோ ஒருத்தி கெடுத்துப்போட்டாளாம்."

தமயந்தி அவர் முகத்தைப் பார்த்தாள். தூக்கமில்லாத, நல்ல முகம். நேரில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று மார்க்கபந்து கேட்டது இந்த முகத்தைத்தான்.

"நாந்தாங்க அது," என்றாள்.

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஏனுங்கம்மா அப்படிச் செஞ்சீங்க?"

சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும். புரிந்தால் மன்னிக்கவும் கூடும். ஆனால் சொல்வதென்றால் வேலாத்தாளின் கை எவ்வளவு வேர்த்திருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

"அதை மட்டும் கேக்காதீங்க," என்றாள்.

அவர் பையை எடுத்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி முன்னால் திரும்பி நின்றார்.